அடுத்த நிகழ்ச்சிக்குக் காத்திருந்தவர்கள்

பொது ஒலிபரப்பு ஸ்தாபனம் ஒன்றை எடைபோடப் புகுகிறவர்கள், முதலில் அதன் நிகழ்ச்சி நிரலைக் கையில் எடுத்துக்கொண்டு, சங்கீதத்துக்கு இவ்வளவு நேரம், நாடகத்துக்கு இவ்வளவு, உழவருக்கு இத்தனை நிமிஷம், குழந்தைகளுக்கு இத்தனை நிமிஷம் என்று கணக்குப் பார்த்து, வகைகள் பெருகியிருந்தால் பன்மை செழித்திருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லிவிடுவது வழக்கம். அந்தக் கணக்கின்படி முன்வரிசையில் உட்காரத் தகுதி பெற்றது ஜப்பான் நாட்டின் என்.எச்.கே. ஸ்தாபனம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. டோக்கியோவில் 1925-ம் வருஷம் வானொலியும், 1953-ம் வருஷம் பிப்ரவரி மாதம் முதல் தேதி தொலைக்காட்சியும் ஆரம்பமாயின. 1959-ல் கல்விக்கென்றே தனியாக ஓர் அலைவரிசை ஏற்பட்டது. நேயர்கள் எழுதி அனுப்பும் ஹைக்கூ கவிதைகளுக்குப் புலவர் ஒருவர் குறை நிறை சொல்வதற்கு ஒரு நிகழ்ச்சி. ஷோகி என்னும் அவர்கள் ஊர்ச் சதுரங்கத்தை ஞாயிற்றுக்கிழமைதோறும் பொறுமையாகக் காட்டுவதற்கு ஒன்று. யுத்தம் முடிந்த மறு வருஷமே, 1946-ல், சாதாரண ஜனங்களை மேடையேற்றிப் பாடச் சொல்லித் தொடங்கி இன்றளவும் நடந்துவரும் பாட்டுப் போட்டி ஒன்று. 1957-லிருந்து சமையலுக்கு ஒன்று. 1963 முதல் 1985 வரையில் கிராமத்தாருக்கென்று விடியற்காலையில் ஒன்று. இவற்றோடு ஸுமோ மல்யுத்தம், சரித்திர நாடகம், காலையில் பதினைந்து பதினைந்து நிமிஷமாக நகரும் தொடர்கதை என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. கல்வி, பண்பாடு, செய்தி, கேளிக்கை ஆகிய நான்கும் ஒன்றோடொன்று இசைந்து நிற்க வேண்டும் என்பதை அந்த நாட்டார் 1959-ல் சட்டத்திலேயே எழுதி வைத்துக்கொண்டார்கள். பன்மையைச் சட்டத்தின் ஷரத்தாகவே ஆக்கிக்கொள்ளும் ஜனசமூகம் மரியாதைக்குரியதுதான்.

ஆனாலும் இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஒரு நிலையம் எத்தனை வகை கொடுத்தது என்பது ஓர் அளவு. ஒரு தனி மனிதர் காதில் ஒரு நாளில் எத்தனை வகை விழுந்தது என்பது வேறோர் அளவு. முன்னதை நிகழ்ச்சி நிரலில் படித்துத் தெரிந்துகொள்ளலாம். பின்னதை அறிய வேண்டுமானால் கேட்டவர்களின் வீட்டுக்குள் நுழைந்து பார்க்க வேண்டும். நான் நன்றாக அறிந்த வீடுகள் ஸ்ரீரங்கத்தில் இருக்கின்றன. அந்த வீடுகளுக்கு வந்துசேர்ந்த அலை, காவிரிக்குத் தெற்கே திருச்சிராப்பள்ளிக் கன்டோன்மென்டில் இருக்கும் வானொலி நிலையத்தினுடையது. ஆகவே ஜப்பானைப் பற்றிய பேச்சை இவ்வளவோடு நிறுத்தி வைத்து, திருச்சி நிலையத்தின் நிகழ்ச்சிப் பன்மை எங்கிருந்து வந்தது, யாருக்குப் பயன்பட்டது, எங்கே குறைபட்டது என்பதை ஒருவாறு ஆராய்வதே இந்தக் கட்டுரையின் உத்தேசம்.

தமிழ்நாட்டில் ஒலிபரப்பு சர்க்கார் கையால் பிறந்ததன்று. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் ஊக்கத்தால் 1924-ல் ஏற்பட்ட சென்னை ராஜதானி ரேடியோ கிளப் மூன்று வருஷம் நடந்து, பணமில்லாமல் நின்றது; நின்றதைச் சென்னை நகரசபையார் 1930-ல் மறுபடி எடுத்து நடத்தினார்கள். லண்டன் பி.பி.சி.யிலிருந்து 1935-ல் வந்து இந்திய ஒலிபரப்பின் தலைமை ஏற்ற லயனல் ஃபீல்டன் காலத்தில், 1936-ல் அகில இந்திய வானொலி என்ற பெயர் ஏற்பட்டு, 1938 ஜூன் 16-ம் தேதி சென்னை நிலையமும், 1939 மே 16-ம் தேதி திருச்சி நிலையமும் திறக்கப்பட்டன. சென்னை ராஜதானியின் ஒரு மூலையில் இருக்கிறது. திருச்சியோ தமிழ்ப் பிரதேசத்தின் நடுவில், ஒரு பக்கம் தஞ்சை வயல்களும் மறுபக்கம் புதுக்கோட்டைப் புன்செய்க் காடுகளுமாக அமைந்திருக்கிறது. அந்த இடத்தில் 5 கிலோவாட் சக்தியுள்ள மத்திய அலைக் கருவி ஒன்றை நிறுத்தியதன் கருத்து, நகரத்து நாகரிகத்தைவிடக் கிராமத்துக் காதுகளை உத்தேசித்தே இருந்திருக்க வேண்டும். நிலையம் திறந்து மூன்றரை மாதத்துக்குள் ஐரோப்பாவில் யுத்தம் மூண்டது. சங்கீதம் கேட்பதற்காக ரேடியோ வாங்கினவர்கள் யுத்தச் செய்தி கேட்கப் பழகிக்கொண்டார்கள். வாங்காதவர்களும் வாங்கினவர் வீட்டுத் திண்ணைக்கு வந்தார்கள். தேசம் பிரிவுபட்ட 1947-ல் இந்தியாவின் பங்குக்கு வந்தவை ஆறே நிலையங்கள். அந்த ஆறில் இரண்டு தமிழ் பேசின.

இனி அந்த ஒற்றை அலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்றைக்கு 936 கிலோஹெர்ட்ஸில் 100 கிலோவாட் சக்தியோடு ஒலிக்கும் அந்த நிலையத்துக்கு நெடுங்காலம் தமிழ் நேயருக்கென்று இருந்தது ஒரே வழி. பொன்மலை ரயில்வே பட்டறையின் தொழிலாளிக்கும், மணப்பாறை மாட்டுச் சந்தைக்காரருக்கும், தெப்பக்குளத்து ஜவுளி வியாபாரிக்கும், லால்குடிப் பக்கத்து மிராசுதாருக்கும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும், ரசிக ரஞ்சனி சபையில் முன்வரிசை நாற்காலிக்குச் சந்தா கட்டிய வக்கீலுக்கும் அந்த ஒரே வழியில்தான் எல்லாம் போக வேண்டும். விடியற்காலையில் நாகஸ்வரத்தில் மங்கள இசை. பிறகு பக்திப் பாடல், அதில் பெருமாளும் அல்லாவும் ஏசுவும் அடுத்தடுத்து. டில்லியிலிருந்து அஞ்சலாகும் செய்தி. பதினொரு மணி வாக்கில் பள்ளி ஒலிபரப்பு. நடுப்பகலில் மாதர் நிகழ்ச்சி. பிற்பகல் வட்டாரச் செய்தி. சாயங்காலம் சிறுவர்களுக்கும் தொழிலாளருக்கும் உழவருக்கும் தனித்தனியாகக் கொஞ்சம் கொஞ்சம். இரவில் கச்சேரியோ நாடகமோ. மணிக்கணக்கு வருஷத்துக்கு வருஷம் மாறியதுண்டு. வரிசையின் சுபாவம் மாறவில்லை.

இந்த ஏற்பாட்டில் யாருக்கும் முழுத் திருப்தி கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். தனக்கு வேண்டியது வரும்வரையில் தனக்கு வேண்டாததைக் கேட்டுக்கொண்டிருப்பது என்பதே அந்நாளைய நேயரின் தினசரி விதி. வடக்குச் சித்திரை வீதியில் எங்கள் வீட்டு ரேடியோ, பச்சைக்கண் ஒன்றை விழித்துக்கொண்டு சூடேறி வாய்திறக்க அரை நிமிஷம் எடுத்துக்கொள்ளும் வால்வுப் பெட்டி. வருஷந்தோறும் தபாலாபீஸுக்குப் போய்ப் பணம் கட்டி, சிறிய லைசென்ஸ் புஸ்தகத்தில் முத்திரை குத்தி வாங்கிவரும் உத்தியோகம் பெரியப்பாவினுடையது. வரி கட்டிய பொருளை அடிக்கடி நிறுத்தியும் திறந்தும் வால்வைக் கெடுத்துவிடக் கூடாது என்ற அவருடைய சித்தாந்தத்தினால், சாயங்காலம் திறந்த பெட்டி கச்சேரி முடிந்த பிறகே மூடப்படும். ஆறேகால் மணிக்கே கூடத்தில் வந்து உட்கார்ந்துவிடும் பாட்டி இரவுக் கச்சேரிக்குக் காத்திருந்த காலத்தில், உழவர் நிகழ்ச்சி முழுவதும் அவள் காதில் விழுந்து ஊறிப்போயிற்று. ஒரு சென்ட் நிலமும் இல்லாத அந்த அம்மாள், குத்தகை நெல் அளக்க எதிர்வீட்டுக்கு வந்த குடியானவரைப் பார்த்து, "ஏம்ப்பா, நாத்து பிடுங்கி நாளாச்சா? மேலுரம் ஒரேயடியாப் போட்டுடாதே, ரெண்டு தவணையாப் போடு" என்று சொன்னதும், அவர் சிரிக்காமல் தலையாட்டிவிட்டு, முந்தின ராத்திரி திண்ணையில் படுத்தபடி கேட்ட தோடி ராக ஆலாபனையை, "அந்த அழுவுற பாட்டு நல்லா இருந்துச்சும்மா" என்று மெச்சியதும் எங்கள் வீட்டில் வெகு நாள் சொல்லப்பட்ட கதை. பன்மை என்று நான் சொல்வது இதைத்தான்.

சங்கீதத்தில் இந்த நிலையத்துக்கு இருந்த அநுகூலம் பூகோளத்தால் வந்தது. காவிரிக்கரை வித்வான்கள் பஸ் ஏறினால் வந்துவிடக்கூடிய தூரத்தில் இருந்தார்கள். திருச்சியிலேயே ஆலத்தூர் சகோதரர்களின் பாட்டு இருந்தது. ஆந்திர தேசத்தில் பிறந்து, தஞ்சாவூர் நாகஸ்வர பாணியின்மேல் கொண்ட காதலால் ஸ்ரீரங்கத்திலேயே குடியேறி, ரங்கநாதருக்குத் தம் வாசிப்பை அர்ப்பணித்த ஷேக் சின்ன மௌலானாவின் மங்கள இசையைக் காலையில் கேட்டுக்கொண்டே எங்கள் வீதியில் கோலம் போட்டவர்கள் உண்டு. நிலையத்துக்குள்ளேயே சம்பளத்துக்கு அமர்ந்த வித்வான்கள் இருந்தார்கள். "பக்கவாத்தியம், நிலைய வித்வான்" என்று அறிவிப்பாளர் சொல்லும்போது அந்த இரண்டு சொல்லில் ஒரு குடும்பத்தின் மாத வருமானம் அடங்கியிருந்தது என்பதை ரசிகர்கள் நினைத்துப் பார்த்ததில்லை. ராஜாக்களும் ஜமீன்களும் கைவிட்ட வித்தையை ஒலிபரப்பு ஸ்தாபனம் எடுத்து வளர்த்தது என்று சொல்வது மிகையாகாது. புஷ்ய பகுள பஞ்சமியன்று திருவையாற்றிலிருந்து பஞ்சரத்ன கிருதிகளை நேரடியாக அஞ்சல் செய்து, நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற அந்த ஐந்து ராகங்களையும் வருஷத்துக்கு ஒரு முறை பாமரர் வீட்டுச் சமையலறைக்குள்ளும் கொண்டுபோய்ச் சேர்த்தது இந்த நிலையம் செய்த பெரிய காரியம்.

சண்டைகளும் இல்லாமல் இல்லை. அண்ணாமலை நகரில் 1941-ல் கூடிய தமிழிசை மகாநாட்டுக்குப் பிறகு, சபைகளில் மட்டும் அல்லாமல் வானொலியிலும் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடம் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. தெலுங்குக் கிருதிகளே சாஸ்திரீயம் என்று எண்ணியிருந்தவர்கள் ஒரு பக்கமும், தேவாரமும் திருவாசகமும் துக்கடா இல்லை என்று வாதித்தவர்கள் ஒரு பக்கமுமாக நின்றார்கள். வேடிக்கை என்னவென்றால், இரண்டு கட்சியாருமே ஒரே பெட்டியில் மற்றவர் பாட்டைக் கேட்டுத்தான் கோபப்பட்டார்கள். ஹார்மோனியத்துக்கு நேர்ந்த கதி இன்னும் விசித்திரமானது. இந்திய சங்கீதத்தின் நுட்பமான சுருதிகள் அந்தக் கட்டைகளில் பேசாது என்ற காரணத்தால் 1940-ல் அகில இந்திய வானொலி அதை வாசலிலேயே நிறுத்திவிட்டது. அந்தத் தடை முப்பது வருஷத்துக்கு மேல் நீடித்தது. சாஸ்திர ரீதியாக அதில் நியாயம் இருக்கலாம். ஆனால் நாடகக் கொட்டகைகளில் ஹார்மோனியப் பெட்டியின் கூவலோடு பாட்டுக் கேட்டு வளர்ந்த திருச்சி ஜனங்களுக்கு, தங்கள் சங்கீதத்தின் பாதி வானொலிக்குள் நுழையவில்லை என்பது தெரிந்துதான் இருந்தது.

பிறகு மந்திரி பி.வி. கேஸ்கர் வந்தார். 1952 முதல் 1962 வரையில் செய்தி ஒலிபரப்பு இலாகாவைப் பார்த்துக்கொண்ட அவர், ஜனங்களின் ரசனையை உயர்த்துவது என்ற விரதம் பூண்டு, சினிமாப் பாட்டைப் பெரும்பாலும் ஒதுக்கி வைத்து, சனிக்கிழமை இரவுகளில் சங்கீத தேசிய நிகழ்ச்சியை ஏற்படுத்தினார். விரதத்தின் பலன் கடலுக்கு அப்பால் கொழும்புக்குக் கிடைத்தது. ராமேசுவரத்துக்கு எட்டிப் பார்க்கும் தூரத்தில் இருந்த இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு, எஸ்.பி. மயில்வாகனத்தின் குரலில் தமிழ் சினிமாப் பாட்டுக்களை மணிக்கணக்காக அள்ளி வீசியது; திருச்சி மலைக்கோட்டையைச் சுற்றியிருந்த ஹோட்டல்களிலும் சலூன்களிலும் ரேடியோ முள் தெற்கே திரும்பி நின்றது. டில்லியில் இருந்தவர்கள் தோல்வியை ஒப்புக்கொண்டு 1957-ல் விவிதபாரதியைத் தொடங்கினார்கள். ரசனையை மேலிருந்து உயர்த்தப் பார்த்தவரைக் குறை சொல்வது இப்போது எளிது. அதே பத்து வருஷத்தில்தான் சினிமாப் பாட்டுக்குக் காத்திருந்த பல இளைஞர்கள் வேறு வழியில்லாமல் கல்யாணியையும் காம்போதியையும் வேறுபடுத்தி அறியக் கற்றார்கள் என்பதையும் அவர் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும்.

விவசாய ஒலிபரப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத விரும்புகிறேன். ஏனென்றால், இந்தியாவிலேயே ஒரு வானொலி நிலையத்தின் பெயரால் ஒரு நெல்லை ஜனங்கள் அழைத்தது இந்தப் பிரதேசத்தில்தான் என்று நினைக்கிறேன். தீவிர விவசாய ஜில்லாத் திட்டத்துக்கு 1960-ல் பொறுக்கி எடுக்கப்பட்ட முதல் ஜில்லாக்களில் தஞ்சாவூர் ஒன்று. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால நெல், சுமார் 105 நாளில் அறுவடைக்கு வருவதால் குறுவைப் பட்டத்துக்கு வெகு பொருத்தமாக அமைந்தது. அதே சமயத்தில், 1966-ல், அகில இந்திய வானொலியின் பத்து நிலையங்களில் பண்ணை இல்ல ஒலிபரப்புப் பிரிவுகள் ஏற்படுத்தப்பட்டன. அவற்றில் திருச்சியும் ஒன்று. விவசாயம் படித்த அதிகாரி ஒருவரே நிலையத்துக்குள் உட்கார்ந்து, விதை நேர்த்தி எப்படி, நாற்றங்காலுக்கு எவ்வளவு தண்ணீர், எந்த வயதில் பறித்து நடுவது, எந்த நாளில் உரம், புழு விழுந்தால் என்ன மருந்து என்று பயிரின் வயதோடு கூடவே நடந்து, அந்த வாரத்து வேலையை அந்த வாரத்தில் சொல்லிவந்தார். ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு வரப்புக்கே போய், சாகுபடி செய்தவரின் வாயாலேயே மகசூல் சொல்லவைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் எட்டிய செய்தி அது. ஆபீசர் சொன்னால் நம்பாதவரும் பக்கத்து ஊர்க்காரர் சொன்னால் நம்புவார். இரண்டொரு போகத்துக்குள் தஞ்சைச் சீமையில் அந்த நெல் பரவிவிட்டது. விதை கேட்டு வந்த விவசாயிகளுக்கு எண்ணும் எழுத்தும் சேர்ந்த அந்தப் பெயர் வாயில் நுழையாததனால் "ரேடியோ நெல்" என்றே கேட்டார்கள்.

இந்த ரேடியோ நெல்லின் குலத்தை விசாரித்தால் இன்னொரு சுவையான விஷயம் கிடைக்கிறது. தாய் தந்தையரில் ஒன்று ஜி.இ.பி. 24 என்ற நம்முடைய கிச்சிலிச் சம்பா; மற்றொன்று நோரின் 10 என்ற ஜப்பானிய நெல். நோரின் என்பது அந்த நாட்டு விவசாய வன இலாகாவைக் குறிக்கும் சொல். அதாவது, ஜப்பானில் விடியற்காலை விவசாய நிகழ்ச்சியை டெலிவிஷனில் பார்த்த குடியானவரும், நன்னிலத்தில் சாயங்கால நிகழ்ச்சியை டிரான்சிஸ்டரில் கேட்ட குடியானவரும், ஒருவரையொருவர் அறியாமலே ஒரு வகையில் பங்காளிகள் ஆகிவிட்டார்கள். ஹைக்கூவும் ஷோகியும் நமக்கு வரவில்லை, நெல் வந்தது. அந்த வரவுக்கு வழி சொன்னது வானொலி.

உழவர் நிகழ்ச்சி வேறொரு காரியமும் செய்தது. ஆரம்ப காலத்து வானொலித் தமிழ் பெரும்பாலும் படித்த நகரத்தாரின் தமிழ். அதிலும் குறிப்பிட்ட சில வீதிகளின் வாடை அதில் உண்டு என்று சொன்னால் என் வீதிக்காரர்களே என்னிடம் கோபித்துக்கொள்ளலாம். பண்ணை நிகழ்ச்சியில் பேசிய விவசாயிகளின் மூலம்தான் டெல்டாவின் வாய்மொழி, "மேட்டூர்ல தண்ணி தொறந்துட்டாங்க" என்ற அளவிலாவது, சர்க்கார் அலையில் ஏறியது. செய்தியில் மேட்டூர் அணையின் நீர்மட்டம் சொல்லப்படும்போது மூச்சை அடக்கிக்கொண்டு கேட்ட ஜனங்கள் அவர்கள். 120 அடி என்பது அந்த அணையின் முழு அளவு மட்டும் அன்று, பல வீடுகளில் கல்யாணத் தேதியை நிச்சயிக்கும் அளவும் அதுவாகவே இருந்தது.

நாடகங்களையும் பேச்சுக்களையும் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஸ்ரீரங்கத்து இளைஞர் ஒருவர், கையெழுத்துப் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்த நாளில், திருச்சி நிலையத்துக்கு நாடகங்களும் கதைகளும் எழுதிக் கொடுத்துக் கை பழகி, பிற்காலத்தில் கவிஞர் வாலி என்ற பெயரோடு சினிமாவுக்குப் போனார். அவரைப்போலப் போகாமல், எழுதிக்கொடுத்த பதினைந்து நிமிஷப் பேச்சுக்கு வந்த சிறு தொகையின் செக்கைக் கொஞ்ச நாள் மாற்றாமல் வைத்திருந்து வருவோர்க்குக் காட்டிய உபாத்தியாயர்கள் எத்தனையோ பேர். பேச்சுக்கள் முன்கூட்டியே எழுதி வாங்கித் திருத்தப்பட்டவை. ஆகவே நாக்குத் தவறுவதும் இல்லை, உயிர் துள்ளுவதும் அபூர்வம்.

பெயர்ச் சண்டை ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். மைசூரில் 1935-ல் எம்.வி. கோபாலசாமி என்ற பேராசிரியர் தம் வீட்டிலேயே நிறுவிய சிறு நிலையத்தின் பெயர் ஆகாசவாணி. அதையே 1957-ல் இந்திய சர்க்கார் அகில இந்திய வானொலிக்கும் சூட்டியபோது, தமிழ்நாடு மட்டும் வானொலி என்ற தன் சொல்லை விட்டுக்கொடுக்க மறுத்தது. டில்லியிலிருந்து வரும் செய்தி "ஆகாசவாணி" என்று தொடங்கும். அது முடிந்ததும் உள்ளூர் அறிவிப்பாளர் "திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம்" என்பார். 2023-ல் மறுபடி எல்லா மொழிகளிலும் ஆகாசவாணி என்றே சொல்ல வேண்டும் என்று உத்தரவு பிறந்தபோது பழைய ஆட்சேபமும் கூடவே எழுந்தது. வடசொல்லைத் தாராளமாகக் கையாளும் எனக்குமே, வானொலி என்பது அழகிலும் அடக்கத்திலும் மேலான சொல் என்று படுகிறது. ஆகாசவாணி என்றால் அசரீரி. அசரீரியை எதிர்த்து யாரும் கேள்வி கேட்க முடியாது.

கேள்வி கேட்க முடியாமை என்றது வெறும் சிலேடை அன்று. இந்த நிலையத்தின் பன்மையில் இருந்த பெரிய பள்ளமே அதுதான். நெல்லுக்கு இடம் இருந்தது, ராகத்துக்கு இடம் இருந்தது, மூன்று மதத்துக்கும் இடம் இருந்தது. ஆளுகிறவர்களோடு மாறுபடும் அபிப்பிராயத்துக்கு இடம் இல்லை. தமிழ்நாட்டின் தெருக்களிலும் மைதானங்களிலும் நாற்பது ஐம்பது வருஷமாக நடந்த பெரிய வாதங்கள் எல்லாம், கடவுள் உண்டா என்பதிலிருந்து ஹிந்தி வேண்டுமா என்பதுவரையில், வானொலிப் பெட்டிக்கு வெளியேதான் நடந்தன. திருச்சி டவுன்ஹால் மைதானத்துப் பொதுக்கூட்டத்துக்கும், அதே ஊரில் இருந்த ஒலிபரப்பு நிலையத்துக்கும் நடுவே இருந்த தூரம் காவிரியின் அகலத்தைவிட அதிகம். 1975-லிருந்து 1977 வரை நெருக்கடி நிலையின்போது அந்தத் தூரம் எல்லோருக்கும் தெரியும்படி ஆயிற்று. அரசியல் கட்சிகள் தேர்தல் சமயத்தில் வானொலியில் பேசலாம் என்ற ஏற்பாடே 1977-ல்தான் வந்தது. சுயாட்சி வேண்டும் என்று வர்கீஸ் கமிட்டி 1978-ல் சொன்னது. சட்டம் 1990-ல் நிறைவேறியது. பிரசார் பாரதி உண்மையில் உருப்பெற்றது 1997-ல். நேயரின் கட்டணத்திலேயே இன்றும் நடக்கிற என்.எச்.கே.யோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெளிவாகும். நாமோ பெரியப்பா முத்திரை வாங்கிவந்த அந்த லைசென்ஸை 1980-களின் நடுவில் ஒழித்துவிட்டோம். இலவசமாகக் கிடைத்ததில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் பணம் கட்டுகிறவனுக்குக் குறை சொல்ல ஓர் உரிமை இருக்கிறது என்பதும், பெரியப்பா நிலையத்துக்கு நேயர் கடிதம் எழுதும்போதெல்லாம் லைசென்ஸ் எண்ணை முதல் வரியில் குறிப்பிடுவார் என்பதும் என் நினைவுக்கு வருகின்றன.

ஒற்றை அலை பிளவுபட்ட கதை சீக்கிரம் முடிந்துவிடக் கூடியது. சென்னையிலும் திருச்சியிலும் 1969-ல் விவிதபாரதியின் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கியபோது, சினிமாப் பாட்டு வேண்டியவர்கள் ஒரு முள்ளுக்கும், மற்றவர்கள் இன்னொரு முள்ளுக்கும் பிரிந்தார்கள். டிரான்சிஸ்டர் மலிந்ததும் ஒரு வீட்டில் ஒரு பெட்டி என்ற நிலை போயிற்று. சென்னையில் 1975 ஆகஸ்டு 15-ம் தேதி டெலிவிஷன் வந்தது. அது பரவிய இடமெல்லாம் வெள்ளிக்கிழமை "ஒளியும் ஒலியும்" பார்க்கக் காத்திருந்தவர்கள் "வயலும் வாழ்வும்" பார்த்ததும், பழைய வானொலிப் பழக்கத்தின் கடைசி நீட்சி. பிறகு பண்பலை, கேபிள், கைபேசி. இன்று ஒரு ஸ்ரீரங்கத்துப் பையன் விரல் நுனியில் ஜப்பானிய மல்யுத்தமும் கர்நாடக சங்கீதமும் இயற்கை விவசாயமும் கிடைக்கின்றன; வகைகளின் எண்ணிக்கையில் என்.எச்.கே.யும் அவனிடம் தோற்றுவிடும். ஆனால் கருவி அவன் விருப்பத்தைக் கற்றுக்கொண்டு, அவன் நேற்றுக் கேட்டதையே இன்றும் கொடுக்கிறது. நடுவில் காத்திருக்க வேண்டிய அரைமணி இல்லை. அந்த அரைமணியில் காதில் விழ வேண்டிய மேலுரமும் இல்லை. எதிர்வீட்டுத் திண்ணையும் இப்போது கம்பிக்கதவுக்குள் போய்விட்டது.

திருச்சி நிலையம் இன்றும் நடக்கிறது. மார்கழியில் திருப்பாவை ஒலிக்கிறது. வைகுண்ட ஏகாதசியன்று விடியற்காலையில் ஸ்ரீரங்கம் பரமபத வாசல் திறப்பை நேர்முக வர்ணனையாகச் சொல்கிறார்கள். அந்த வர்ணனையைக் கைபேசியில் கேட்டால் ஒரு விந்தையைக் காணலாம்: கோயிலிலிருந்து "ரங்கா, ரங்கா" என்ற கோஷம் எங்கள் மாடிக்கு வந்துசேர்ந்து, அடங்கி, சில விநாடி கழித்துத்தான் அதே கோஷம் கைபேசியில் எழுகிறது. வால்வுப் பெட்டிக் காலத்தில் இது தலைகீழாக இருந்தது. கோயிலிலிருந்து டெலிபோன் கம்பி வழியாகக் காவிரியைத் தாண்டித் திருச்சிக்குப் போய், அங்கிருந்து ஆகாயத்தில் ஏறி மறுபடி காவிரியைத் தாண்டி எங்கள் கூடத்துக்கு வந்த கோஷம், கூப்பிடு தூரத்தில் இருந்த வாசலிலிருந்து காற்றில் நடந்து வந்த கோஷத்தை ஏறக்குறைய ஒரு விநாடி முந்திக்கொண்டுவிடும். முழங்கால் வலியால் கூட்டத்துக்குப் போக முடியாத பாட்டி, ரேடியோவில் கதவு திறந்ததும் ஒரு தரம், ஜன்னல் வழியாகச் சத்தம் வந்ததும் ஒரு தரம், இரண்டு தரம் சேவிப்பாள்.